நெட் வந்தால் பிள்ளைகள் ஊரில் நிற்பார்களா?

பர்மாவில் தட்டோன் பக்கத்துக் கிராமத்துத் தமிழ்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் இருப்பது ரங்கூனில். அப்பா, அம்மா, பாட்டி ஊரில். ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டி, திருவிழா முடிந்து மிஞ்சிய பணத்தில் ஊருக்கு வேகமான நெட் கொண்டுவரலாம் என்று பேசுகிறதாம். "நெட் மந்தமாக இருப்பதால்தான் பிள்ளைகள் ஊரை விட்டுப் போகிறார்கள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அது சரியா? நல்ல நெட் வந்தால் நிற்பார்களா? என்ன வாங்கலாம்?" என்பது கேள்வி.

நிற்க மாட்டார்கள், தம்பி. ஆனாலும் கமிட்டி அந்தப் பணத்தை நெட்டுக்குச் செலவு செய்யலாம். யாருக்காக, எந்த அளவுக்கு என்பதில்தான் நான் உங்கள் ஊர்ப் பெரியவர்களோடு மாறுபடுகிறேன். 2014இலிருந்து சில வருடம் பெகுவுக்கும் மோல்மேனுக்கும் இடையே டவர் வேலைகளில் இருந்தவன் நான். இப்போது போன் கடை வைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பாருங்கள். நம் நாட்டில் 2010 வாக்கில் ஒரு சிம் வாங்க ஆயிரம் டாலருக்கு மேல் ஆனது. கிராமத்தில் யாரிடமும் போன் கிடையாது. 2013 ஏப்ரலில் அரசாங்கம் குலுக்கல் முறையில் 1,500 சாட் விலைக்குச் சிம் கொடுக்கத் தொடங்கியது. அதுவும் பேர் விழுந்தவருக்குத்தான். வெளிநாட்டுப் போன் கம்பெனிகளில் ஊரிடூ 2014 ஆகஸ்டில் வந்தது, டெலினார் செப்டம்பர் கடைசியில். அப்புறம்தான் பெட்டிக்கடையில் சிம் தொங்கியது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2014 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும். அதாவது அந்த இரண்டு கம்பெனிகளும் கடை திறப்பதற்கு முன்னால். அப்போது மூன்றில் ஒரு வீட்டில்தான் கைபேசி இருந்தது. வீட்டில் நெட் இருக்கிறது என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஆறு வீடுதான். அந்தக் கணக்கிலேயே "எங்கள் வீட்டு ஆள் வெளிநாட்டில் இருக்கிறார்" என்று வீட்டுக்காரர்கள் சொன்னவர்களின் தொகை 20 லட்சத்தை எட்டியது. அதில் ஏறத்தாழ 70 சதவீதம் பேர் தாய்லாந்தில். அடுத்தது மலேசியா. வெளியே போனவர்கள் அதிகமுள்ள இடங்களில் உங்கள் மோன் மாநிலமும் பக்கத்துக் கரேன் மாநிலமும் முன்வரிசையில் இருந்தன. இவர்கள் யாரும் நெட் மந்தம் என்று போனவர்கள் இல்லை. நெட் என்றால் என்ன என்றே தெரியாமல் போனவர்கள்.

நெட் வந்த பிறகாவது போவது குறைந்ததா? அதுவும் இல்லை. நான் கண்ணால் கண்டது நேர் எதிர். முன்பெல்லாம் மலேசியா போக வேண்டுமானால் ஏஜென்ட் சொல்வதே வேதவாக்கு. சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் எப்படி என்று போய்ச் சேர்ந்தால்தான் தெரியும். போன் வந்ததும் கிள்ளானில் இருக்கும் பெரியப்பா மகன் வைபரில் கூப்பிட்டு, "அந்த ஆள் சொல்வதை நம்பாதே, நான் வேலை பார்க்கும் சாப்பாட்டுக் கடையிலேயே இடம் இருக்கிறது" என்கிறான். நம் பிள்ளைகளுக்கு அங்கே தமிழ் பேசினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது வேறு. பணம் அனுப்புவதும் சுலபமாகிவிட்டது. முன்பு உண்டியல்காரரைத் தேடிப் போக வேண்டும். 2016இல் போன் வழியாகப் பணம் அனுப்பும் வேவ் மணி வந்தபின் ஊர் முனைக் கடையிலேயே காசு எடுக்கலாம். போவதில் இருந்த பயமும் செலவும் குறைந்தால் போகிறவர்கள் கூடத்தானே செய்வார்கள். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் நெட்டை வேலி என்று நினைக்கிறார்கள். இதுவரை அது கதவாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் போகிறார்கள்? இதில் பர்மாத் தமிழரான நமக்கென்று ஒரு பழைய கதை இருக்கிறது. கீழ்ப் பர்மா நெல்வயல்களுக்கு நம் முன்னோர் கூலிகளாக வந்தார்கள். செட்டியார்கள் கடன் கொடுத்தார்கள். 1930களில் நெல் விலை விழுந்து கடன் திரும்பாமல் போக, முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் 1930களின் கடைசியில் செட்டியார் கைக்குப் போய்விட்டது. 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது லட்சக்கணக்கானவர்கள் நடந்தே இந்தியா போனார்கள். 1948இல் நில தேசியமயச் சட்டம். 1963, 64இல் நே வின்னின் ராணுவ ஆட்சி கடைகளை எடுத்துக்கொண்டபோது இன்னொரு பெரும் கூட்டம் கப்பல் ஏறியது. சென்னையில் பர்மா பஜார் அப்படி உண்டானதுதான். இதில் எங்கும் போகாமல் வயலோடு கிடந்தவர்கள் யார் என்று பார்த்தால், நிலமும் இல்லாமல் கப்பல் கூலியும் இல்லாமல் இருந்த கூலிக்காரர்கள். உங்கள் ஊரும் எங்கள் பெகு பக்கத்து ஊர்களும் அவர்களுடையவை.

ஆக, நிலத்தின் மீது நமக்குப் பிடி எப்போதும் குறைவு. 2012இல் வந்த வேளாண் நிலச் சட்டத்துக்குப் பின் நிலத்தைத் தன் பேரில் காட்ட ஏழாம் எண் படிவம் வேண்டும். அதை வாங்க அடையாள அட்டை சரியாக இருக்க வேண்டும். நம் ஆட்களில் பலருக்கு அந்த அட்டையே தகராறு. 1982 குடியுரிமைச் சட்டம் வகுத்த மூன்று நிற அட்டைகளில் எது கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று அலுவலக வாசலில் நின்றே பாதி ஆயுள் போகிறது. தாத்தா உழுத நிலத்துக்குப் பேரனிடம் காகிதம் இல்லை என்றால் அவன் எதை நம்பி ஊரில் இருப்பான்?

காகிதம் இருப்பவனுக்கும் விலை இல்லை. எங்கள் பக்கம் நெல் அறுத்த கையோடு உளுந்து போடுவார்கள். அது பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் போகும். சென்னையில் சுடுகிற தோசையில் பெகு உளுந்து இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2017 ஆகஸ்டில் இந்திய அரசு திடீரென்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியது: துவரைக்கு வருடத்துக்கு 2 லட்சம் டன், உளுந்துக்கும் பயறுக்கும் சேர்த்து 3 லட்சம் டன். அன்று செய்தி ரங்கூன் மண்டியிலிருந்து கிராமத்துக்கு வர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, எல்லார் கையிலும் போன். விலை விழுந்தது விழுந்ததுதான். முன்பு ஒரு வாரம் கழித்துத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பக்கம் ரப்பர். 2011இல் உச்சத்துக்குப் போன ரப்பர் விலை அதற்குப் பிறகு சரிந்ததும், பால் வெட்டும் ஆட்கள் எல்லை ஊரான மியாவதி வழியாகத் தாய்லாந்து போனதும் உங்கள் வீட்டிலேயே தெரிந்த கதையாக இருக்கும்.

இன்னொரு பக்கம் ரங்கூன் இழுக்கிறது. 2015 செப்டம்பரில் குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 3,600 சாட் என்று வைத்தார்கள், 2018இல் 4,800. பெரிய காசு இல்லை. ஆனால் ரங்கூன் ஓரத்து லைங்தாயா தையல் ஆலையில் அது மாதம் தவறாமல் வரும். வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் மட்டும்தான் கூலி. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதி முகத்துவாரம் அழிந்தபின் அங்கிருந்து லைங்தாயாவுக்கு வந்த கூட்டம் திரும்பிப் போகவில்லை. 2014 கணக்கில் அந்த ஒரு நகரியத்தில் மட்டும் கிட்டத்தட்ட 6 லட்சத்து 88 ஆயிரம் பேர்.

2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு காரணங்களைத் தேடவே வேண்டியதில்லை. 2024 பிப்ரவரி 10ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்: ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. அந்த வயதில் பிள்ளை இருக்கும் வீட்டில் நெட் வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இதற்கு மேல் இதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும்.

"வேகமான நெட் இருந்தால் ஊரிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பார்களே" என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். ஜப்பானைச் சொல்லுங்கள். அங்கே வேகமான நெட்டைக் கொண்டுவரும் கண்ணாடி இழை (ஃபைபர்) கிட்டத்தட்ட எல்லா வீட்டுக்கும் எட்டுகிறது. கிராமங்கள் காலியாகிக்கொண்டுதான் இருக்கின்றன. தோக்குஷிமாவில் காமியாமா என்ற மலை ஊர் மட்டும் பேர் வாங்கியது. நல்ல இணைப்பு இருந்ததால் 2010இலிருந்து தோக்கியோ கம்பெனிகள் அங்கே சிறு கிளைகள் திறந்தன, புது ஆட்கள் சிலர் குடியேறினார்கள். அங்கேயும் மொத்த மக்கள்தொகை ஏறவில்லை. அதுவும் ரோடு, மின்சாரம், ஆஸ்பத்திரி, சட்டம் எல்லாம் ஒழுங்காக இருக்கும் நாட்டில். நம் ஊரில் ஒரு பையன் வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரம். வெளிநாட்டுக் காசு அவன் கைக்கு வர ஆயிரம் தடை. நெட் மட்டும் பறந்து என்ன பயன்?

சரி, நெட் ஏன் மந்தம் என்பதற்கு வருவோம். இது தெரியாமல் கமிட்டி பணத்தைத் தவறான பெட்டியில் போட்டுவிடும்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தெரியும் டவர் நெடுஞ்சாலையோரத்துக் கண்ணாடி இழையோடு நேராகக் கட்டப்பட்டிருக்காது. அது மைக்ரோவேவ் தட்டு மூலம் அடுத்த டவருக்குப் பேசும், அது அதற்கடுத்ததற்கு, இப்படி இரண்டு மூன்று தாண்டித்தான் இழைக்குப் போகும். வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரும் அந்த ஒரே பாதையில் பங்கு எடுக்கிறது. வாய்க்காலில் தலைமடை வயல்கள் குடித்தபின் கடைமடைக்கு என்ன வருமோ அதுதான் உங்களுக்கு வருவது. இரவு ஏழு மணிக்கு எல்லாரும் பேஸ்புக்கைத் திறக்கும்போது போனில் நான்கு கோடு நிறைந்திருந்தும் படம் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால். கோடு காட்டுவது உங்கள் போனுக்கும் டவருக்கும் உள்ள உறவை மட்டும்தான். டவருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை அது சொல்லாது. விடியற்காலை நாலரை மணிக்கு நெட் ஓடுகிறது, இரவில் ஓடவில்லை என்றால், கோளாறு பின்பாதையில். நீங்கள் எந்தப் பெட்டி வாங்கினாலும் அது சரியாகாது. விடியற்காலையிலும் ஓடவில்லை என்றால் கோளாறு டவருக்கும் ஊருக்கும் நடுவில். அதற்கு மருந்து உண்டு. கமிட்டி முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான், காசு செலவில்லாதது. நாலு பேர் நாலு கம்பெனி சிம்மில் ஒரு வாரம் இரண்டு வேளையும் பார்த்துக் குறித்து வைத்தால் போதும்.

நடுவில் என்ன கோளாறு என்றால், தூரமும் மரமும். 900 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் தோப்பையும் ஓரளவு தாண்டும்; அதில் இடம் குறைவு, அதனால் வேகமும் குறைவு. 1800, 2100 மெகாஹெர்ட்ஸில் வேகம் கிடைக்கும், ஆனால் ரப்பர் தோட்டம் குறுக்கே நின்றால், அதுவும் மழையில் இலை நனைந்திருந்தால், அலையைக் குடித்துவிடும். உங்கள் பக்கம் மழை எப்படி என்று சொல்லத் தேவையில்லை. மோல்மேனில் வருடத்துக்கு ஏறத்தாழ 4,800 மில்லிமீட்டர். மற்றொன்று, டவர் பல வாட் சக்தியில் கத்துகிறது, உங்கள் போன் கால் வாட்டுக்கும் குறைவாக முனகுகிறது. அதனால்தான் அப்பா நீங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்துவிடுகிறார், அவர் அனுப்பும் படம் உங்களுக்கு வந்து சேர மாட்டேன் என்கிறது.

அப்புறம் கரண்ட். கிராமத்து டவர்கள் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர், பேட்டரி, சோலார் என்று கலந்து ஓடுபவை. 2021க்குப் பிறகு மின்வெட்டு நீண்டு, டீசல் விலையும் ஏறி, சில பாதைகளில் டீசல் வண்டி போவதே ஆபத்தாகிவிட்டது. பேட்டரி தீர்ந்தால் டவர் படுத்துவிடும். கம்பெனிக்கும் அவசரம் இருக்காது, ஏனென்றால் ஊரில் பில் போடும் (போனில் காசு ஏற்றும்) இளவட்டங்கள் போய்விட்டார்கள். பெரியவர்கள் சொல்வதை இங்கே தலைகீழாக்கலாம்: நெட் கெட்டதால் ஆள் போனதைவிட, ஆள் போனதால் நெட் கெட்டது அதிகம்.

இதோடு ஆட்சி வைக்கும் பூட்டும் உண்டு. ரக்கைன் மாநிலத்தில் 2019 ஜூனில் மொபைல் நெட்டை நிறுத்தியபோது பல நகரியங்களில் ஒரு வருடத்துக்கு மேல் இருட்டு. 2021 மார்ச் 15இலிருந்து நாடு முழுக்க மொபைல் டேட்டாவை வெட்டினார்கள். ஏப்ரல் 2இல் கம்பியில்லா பிராட்பேண்டும் போனது. வீட்டுக்கு இழை வந்திருந்த ரங்கூன்காரர்களுக்குப் பகலில் நெட் இருந்தது. கிராமத்தில் மொபைலைத் தவிர வேறு வழியே கிடையாது என்பதால் அங்கே முழுப் பூட்டு. கிராம நெட் பற்றிப் பேசும்போது எல்லாரும் வேகத்தையே அளக்கிறார்கள். ஒரே ஒரு நூலில் தொங்குவதுதான் அதைவிடப் பெரிய குறை என்பது என் எண்ணம். 2022 ஜனவரியில் புது சிம்முக்கு 20,000 சாட் வரி, நெட் சேவைக்கு 15 சதவீத வரி என்று போட்டார்கள். 1,500 சாட் சிம் என்ற காலம் அதோடு முடிந்தது. 2024 மத்தியில், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன்களையும் அடைத்தார்கள். கமிட்டி எந்தத் திட்டம் போட்டாலும் நெட் சில நாள் அடியோடு இருக்காது என்று எழுதி வைத்துக்கொண்டுதான் போட வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் செலவு செய்யலாம் என்கிறேன்? ஊரில் இருப்பவர்களுக்காக. உங்கள் ஊரில் இப்போது யார் மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள். தாத்தா பாட்டி, அவர்களிடம் விட்டுப்போன பேரப் பிள்ளைகள், நடுத்தர வயதுப் பெண்கள். மலேசியாவிலிருந்து வரும் காசில் அரிசி வாங்குபவர்கள் இவர்கள்தான். அந்தக் காசு வந்ததா என்று பார்க்க, மகன் குரலைக் கேட்க, மருந்துக் கடைக்காரரிடம் மாத்திரை அட்டையைப் படம் பிடித்துக் காட்ட இவர்களுக்கு நெட் வேண்டும். இதற்கெல்லாம் வேகம் அதிகம் தேவையில்லை. நெட் வழியாகக் குரல் பேச நொடிக்கு 100 கிலோபிட் இருந்தால் தாராளம். முகம் பார்த்துப் பேச ஒரு மெகாபிட் இருந்தால் ஒப்பேற்றலாம். அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம்.

கேரளத்து மீன்காரர்களைப் பற்றி ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 1997க்கும் 2001க்கும் இடையில் வடகேரளக் கரையில் கைபேசி வந்தது. கடலில் இருந்தபடியே எந்தத் துறையில் மத்திக்கு விலை என்று கேட்டுக்கொண்டு படகைத் திருப்பினார்கள். விற்காமல் மீனைக் கொட்டுவது நின்றது, மீனவர் லாபம் 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. அங்கே இருந்தது வெறும் பேச்சு வசதி. நெட்டே கிடையாது. நம் ஊரிலும் காய் கொண்டுபோகும் அக்காக்களுக்கு தட்டோன் சந்தையில் யார் என்ன விலை கேட்கிறார்கள் என்று தெரிய அந்த அளவு போதும். உளுந்துக்கு இந்தியா அப்போது வைத்த வரம்பை எந்தப் போனும் நீக்கியிருக்காது, ஆனால் கத்தரிக்காயை எந்தச் சந்தைக்குக் கொண்டுபோவது என்பதைப் போன் சொல்லும்.

தமிழ் வகுப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் கோயில் வகுப்புக்குப் போனவர்கள் மட்டும். சொல்லிக்கொடுத்த அண்ணன்மார் போய்விட்ட ஊர்களில் அந்த வகுப்பு நின்றுவிட்டது. மண்டபத்தில் ஒரு திரை, ஓரளவு நெட், ரங்கூனிலோ மோல்மேனிலோ ஒரு வாத்தியார் என்றால் சனி ஞாயிறில் நடத்திவிடலாம். விடியோ திக்கினால் குரலும் எழுத்தட்டைப் படமும் போதும். படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி என்ன வாங்குவது. மண்டபத்துக்கு ஓர் இணைப்பு போதும், ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு வேண்டாம். வெளியே மாட்டும் 4ஜி பெட்டி கிடைக்கிறது, ஆன்டெனாவும் ரௌட்டரும் ஒரே உடம்பில் இருக்கும். அதையே வாங்குங்கள். ஆன்டெனாவைத் தனியாகக் கூரையில் மாட்டி, மெல்லிய ஒயரில் கீழே ரௌட்டருக்கு இழுப்பது வேண்டாம். அந்த மாதிரி ஒயர் பத்து மீட்டர் போவதற்குள் வந்த அலையில் பெரும்பகுதியைத் தின்றுவிடும், ஆன்டெனா போட்டதே வீண். ஒரே உடம்புப் பெட்டியிலிருந்து சாதாரண நெட்வொர்க் கேபிளை நூறு மீட்டர் வரை இறக்கலாம். மூங்கில் கம்பம் வேண்டாம், காற்றில் ஆடும்; திசை மாறினால் சிக்னலும் மாறும். இரும்புக் குழாய் நட்டு, டவர் இருக்கும் பக்கம் திருப்பி, பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் சிக்னல் பலத்தை ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண்ணாகக் காட்டும், அதைப் பாருங்கள். மைனஸ் 95க்கு நல்ல பக்கமாக இருந்தால் அருமை. மைனஸ் 110ஐத் தாண்டி மோசமாக இருந்தால் கம்பத்தை வேறு இடத்தில் நடுங்கள். குழாய்க்கு மண்ணில் எர்த் கம்பி கட்டாயம், மே மாத இடி உங்களுக்குப் புதிதல்ல. எர்த் இல்லாமல் விட்டு முதல் இடியிலேயே பெட்டி கருகிய ஊர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிக்னல் பூஸ்டர் என்று கடைகளில் விற்பதை வாங்காதீர்கள். அனுமதியில்லாத பூஸ்டர் டவருக்கே இரைச்சலைத் திருப்பி அனுப்பி, சுற்றுவட்டாரம் முழுக்கக் கெடுத்துவிடும். கம்பெனி ஆட்கள் தேடி வருவார்கள். செயற்கைக்கோள் நெட் தட்டு பற்றி நிச்சயம் யாராவது பேசுவார்கள். அது நன்றாக ஓடும் என்பது உண்மை. ஆனால் இங்கே உரிமம் இல்லாதது, கோயில் கூரையில் அதை வைத்துவிட்டுப் பதில் சொல்லப்போவது ஊரில் இருக்கும் கிழவர்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பணத்தில் பாதிக்கு மேல் கரண்டுக்கு ஒதுக்குங்கள். பெட்டி பத்து வாட் தின்னும் என்று வைத்தால் நாளுக்கு 240 வாட்-மணி. ஆனி ஆடி மழையில் மூன்று நாள் வெயிலே வராது. அந்த மூன்று நாளைக்குத் தாங்க 12 வோல்ட்டில் 60 ஆம்பியர்-மணி கையில் இருக்க வேண்டும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 120 ஆம்பியர்-மணி வாங்க வேண்டும். லித்தியம் பாஸ்பேட் பேட்டரி என்றால் 75 போதும், விலை கூட, ஆனால் நெடுநாள் வரும். சோலார் பலகையைக் கோடை வெயில் கணக்கில் வாங்காமல் மழைக்காலக் கணக்கில் இரண்டு மடங்காக வாங்குங்கள். ராத்திரி பதினொன்றிலிருந்து காலை நாலு வரை பெட்டியை அணைத்து வைத்தால் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். அதே பேட்டரியில் பத்துப் பேர் போன் சார்ஜ் போட ஒரு பலகையும் வைத்துவிடுங்கள். பாதிக் கிழவிகளுக்கு நெட்டைவிட அதுதான் பெரிய உதவி.

சிம் இரண்டு கம்பெனியில் ஒவ்வொன்று வாங்குங்கள். எம்பிடி ஒன்று, ஏட்டம் அல்லது மைடெல் ஒன்று என்று உங்கள் ஒரு வாரக் குறிப்பு எதைக் காட்டுகிறதோ அது. ஒன்று படுத்தால் மாற்றிப் போடலாம். சிம் யார் பேரில் என்பதில்தான் பல ஊரில் திட்டம் கவிழ்கிறது. மப்போந்தின் என்ற அடையாள அட்டை இல்லாமல் சிம்மைப் பதிய முடியாது. நம் ஆட்களில் அட்டை சரியாக இருப்பவன் பெரும்பாலும் இளவயதுக்காரன். அவன் பேரில் பதிந்துவிடுவார்கள். ஆறு மாதத்தில் அவன் தாய்லாந்து எல்லை ஊரான மேசோட்டில் இருப்பான், சிம் அடைபட்டால் திறக்க ஆள் இல்லை. ஊரை விட்டு அசையாத, அட்டை ஒழுங்காக உள்ள இரண்டு பெரியவர்கள் பேரில் ஆளுக்கொன்று பதியுங்கள், அட்டை நகலைக் கமிட்டி கணக்குப் புத்தகத்திலேயே ஒட்டி வையுங்கள்.

மாதாமாதம் பில் போடுவதைத் திருவிழாப் பணத்தில் வைக்காதீர்கள், இரண்டாம் வருடமே நின்றுவிடும். பெட்டியும் பேட்டரியும் கமிட்டி செலவு. பில் வெளியே இருக்கும் பிள்ளைகள் செலவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். கிள்ளானிலும் பாங்காக்கிலும் இருப்பவர்கள் பெயரை எழுதி மாதத்துக்கு ஒருவர் என்று முறை வைத்தால் யாருக்கும் பாரமில்லை. தங்கள் அம்மாவோடு பேசத்தானே அந்த நெட், தருவார்கள். முதல் மாதம் நீங்களே போட்டுத் தொடங்குங்கள் தம்பி. கம்பம் நடுவதற்கு முன் அந்த ஒரு வாரக் குறிப்பை எனக்கு அனுப்பினால் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், எந்த இரண்டு சிம் என்று பார்த்துச் சொல்கிறேன்.